ஞாயிற்றுக்கிழமை எலும்பு

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் எடுத்துப் போவேன். பூட்டிய கதவை நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால் அன்று முழுவதும் அதே யோசனையாக இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சராக இருந்தேன். அங்கே இந்தக் குணம் உதவியது. பார்த்து எழுதுகிற பிள்ளையை முதுகை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில்தான் என் சந்தேகம் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய் என்று. வருஷாவருஷம் அந்த வரிக்கு வரும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். கூட இருந்து பார்த்தமாதிரி எழுதியிருக்கிறார்களே என்று. ஓநாயிலிருந்து நாய் வந்தது, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஒருத்தன் காட்டுக்குள் போய் ஓநாய்க் குட்டியைத் தூக்கி வந்து, இன்றைக்குமுதல் நீ நாய் என்று சொன்னதாக என்னால் நம்ப முடியாது.

பிள்ளைகளிடம் என் கட்சியைச் சொல்வேன். மனிதர்கள் தின்றுவிட்டு எறிந்த எலும்புக்காக ஓநாய்கள்தான் முதலில் வந்திருக்கும். வந்து தள்ளி நின்றிருக்கும். இவன் கல்லை எடுக்கிறானா என்று அவை பார்த்திருக்கும். பாய வருகிறதா என்று இவன் பார்த்திருப்பான். ரொம்பச் சந்தேகப்பட்ட ஓநாய்கள் வெறும் வயிற்றோடு காட்டுக்குத் திரும்பியிருக்கும். கொஞ்சம் குறைவாகச் சந்தேகப்பட்டவை ஓரடி கிட்டே வந்து, தின்று, குட்டி போட்டிருக்கும். அந்தக் குட்டிகள் இன்னும் ஓரடி. இப்படி ஆயிரமாயிரம் வருஷமாக அடியடியாக நடந்து வந்து வாசலில் படுத்ததுதான் நாய். சந்தேகத்தை விட்ட ஓநாய்தான் நாய், எழுதிக்கோங்க என்பேன்.

ஒரு வருஷம் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "அந்தக் காலத்துல நீங்க ஓநாயா இருந்தா என்ன டீச்சர் செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டாள். "காட்டுக்குத் திரும்பியிருப்பேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீடு பாளையங்கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. தெருவில் பாதிக்குமேல் சைவ வீடுகள். என் கணவருக்குப் பாசனத்தில் சர்க்கார் உத்தியோகம். மதகு, கரை, ஷட்டர் என்று ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டே இருப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் கால்வாய்க்கரையிலிருந்து திரும்பி வந்தபோது ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு குட்டி நாய் ஓடிவந்தது. செம்மண் நிறம், முன்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. வாலை வேறு ஆட்டியது. முன்பின் தெரியாத வீட்டில் வந்து வாலாட்டுகிற ஜீவனை நான் எப்படி நம்புவது?

"வைரவர் வாகனம்லா. தானா வந்தத விரட்டக் கூடாது" என்றார் அவர்.

"வைரவர் கோயில்லதான இருக்காரு. அங்கன கொண்டு விட்ருங்க அத்தான்."

அவர் விடவில்லை. நான் மூன்று கட்டளை போட்டேன். புறவாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. நாங்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும். பெயர் வைக்கக் கூடாது, பெயர் வைத்தால் வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். மூன்றுக்கும் நாய் கட்டுப்பட்டது. முருங்கைமரத்தடியில் ஒரு அலுமினியத் தட்டு. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, ராத்திரி தயிர்சோறு. தட்டை வைத்ததும் ஒருதரம் என் பக்கம் வாலை ஆட்டிவிட்டுத் தலையைக் கவிழ்த்தால், தட்டு பளபளக்கும்வரை தலை நிமிராது.

ரெண்டு வருஷத்தில் அது தெருவுக்கே சைவ நாய் ஆகிவிட்டது. எதிர்வீட்டில் ஒரு அண்ணாச்சி இருந்தார், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மாடியில் நின்றே சொல்லிவிடுவார். அவர் என் கணவரிடம், "உங்க நாய்க்கு இருக்க ஆசாரம் இங்கன பல மனுசனுக்கு இல்ல வே" என்று சொல்வார். என் கணவர் சிரித்துக்கொள்வார். எனக்குப் பெருமைதான். இருந்தாலும் நாய் கொட்டாவி விடும்போதெல்லாம் அதன் கோரைப்பல் என் கண்ணில் படும். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு தயிர்சோறு தின்கிறாயே, உன் திட்டந்தான் என்ன என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் காலை பத்து மணிக்கு, "ஷட்டரைப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்புவார். நாய் பின்னாலேயே ஓடும். அது ஓடிவர வசதியாக அவரும் பைய ஓட்டுவார். ரெண்டு பேரும் திரும்ப மதியம் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லையே மனுஷனுக்கு என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. யார் வீட்டிலோ வடைக்கு அரைத்த மாவில் முட்டை ஓடு விழுந்த கதையைச் சொன்னாலே முகம் சுளிக்கிற மனுஷர். பேக்கரி கேக்கைத் தொடமாட்டார், முட்டை இருக்கும் என்று.

முதல் எலும்பு ஒரு திங்கட்கிழமை காலையில் கிடைத்தது. துவைக்கிற கல்லுக்கு அடியில். காக்காய் போட்டிருக்கும் என்று முறத்தால் வாரி வெளியே எறிந்துவிட்டுத் தலைக்குக் குளித்தேன். அடுத்த திங்களும் ஒன்று. அதற்கடுத்த திங்கள் முருங்கைமரத்தடியில் மண்ணைக் கிளறிப் பாதி புதைத்த மாதிரி ஒன்று. இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நாய்தான்.

என் பாடமே அதுதான் என்பதால் அருவருப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். ஆட்டு விலா எலும்பு. கத்தியால் வெட்டியது. மஞ்சள் ஏறியிருந்தது, அதனால் வெந்த எலும்பு. கறிக்கடையில் பொறுக்கியது இல்லை, யார் வீட்டு அடுப்பிலிருந்தோ வந்தது. ஒரு கறித் துணுக்குகூட ஒட்டாமல் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. இத்தனையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "கால்வாய்க்கரையில எங்கனயோ பொறுக்கிட்டு வருது. நீங்க ஷட்டரைப் பாக்கும்போது அது எங்க போவுதுன்னு பாக்க மாட்டீங்களா?"

அவர் பேப்பரை மடக்காமலே, "இருக்கும்" என்றார். ஒரே வார்த்தை.

அதற்கப்புறம் நான் நாயைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். தயிர்சோற்றை முன்போலவே தின்றது, முன்போலவே வாலாட்டியது. அந்த வாலாட்டல்தான் எனக்கு ரொம்ப ஆத்திரமாக இருந்தது. வெளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருந்துகொண்டு என்ன ஒரு அப்பாவி முகம். எதிர்வீட்டு அண்ணாச்சி வீட்டைச் சந்தேகப்பட்டேன். தெருமுனையில் புதிதாகக் குடிவந்த பாங்க்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர்கள் வீட்டுக் குப்பைவாளியை எட்டிக்கூடப் பார்த்தேன். வெங்காயத்தோல்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆடி அமாவாசை திங்கட்கிழமை வந்தது. என் கணவர் விடியலில் ஆற்றுக்குப் போய் அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். நான் ஈரப்புடவையோடு சமைத்து, இலை போட்டு, முதல் கவளத்தைக் காக்காய்க்கு எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்தவடை. மதில்மேல் வைத்துவிட்டு ரெண்டு பேரும் கூப்பிட்டோம். ஒரு காக்காய் வந்தது. மதிலில் உட்கார்ந்து வடையைப் பார்த்தது. தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. கீழே இறங்கி, துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு எலும்பை இழுத்துக் கல்மேல் வைத்துக் கொத்த ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி தன் பங்குக்குக் காக்காய்க்கு வைக்க, எங்கள் ஓட்டுக்கு மேலாகப் புறவாசல் தெரிகிற தன் மாடியில் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, உங்க மாமனாரு வடைய விட்டுட்டு எலும்பக் கொத்துதாரே" என்றார். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மானம் கப்பலேறியது. கணவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து நின்றார். அப்பா நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி கீழே இறங்கி வந்து யோசனை சொன்னார். "நாய்வண்டிக்குச் சொல்லிவிட்டா வந்து பிடிச்சிட்டுப் போய்க் கதைய முடிச்சிருவான். பாவம்னு பாத்தா ஆத்தத் தாண்டிக் கொண்டு விட்டுட்டு வாங்க. தண்ணியத் தாண்டிட்டா வாசனை அறுந்துரும். திரும்பி வராது."

அன்று மத்தியானம் நான் தீர்ப்புச் சொன்னேன். "அமாவாசைக்கு வீட்டுல எலும்பு கெடக்கு. இனி அது இங்கன இருக்கப்படாது."

கணவர் புறவாசலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். "வாயில்லா ஜீவன். அதுக்கு என்ன தெரியும்" என்றார்.

"அதுக்கு எல்லாம் தெரியும். நமக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்றேன்.

புதன்கிழமை அவருக்கு ஆற்றைத் தாண்டி ஏரல் பக்கம் வேலை இருந்தது. நான் நாயைக் கட்ட ஒரு சாக்கும் கயிறும் எடுத்து வைத்திருந்தேன். ரெண்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, கால் வைக்கிற பலகையைத் தட்டி "ஏறு" என்றார். ரெண்டு வருஷமாக வண்டிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்த நாய் ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தது. அப்புறம் ஒரே தாவில் ஏறி, அவர் முழங்கால்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றுகொண்டது. தெரு திரும்பும்வரை வால் ஆடிக்கொண்டே போனது. நான் சாக்கை மடித்து உள்ளே வைத்தேன். மனதுக்கு என்னவோ செய்தது. செய்த குற்றத்துக்குத் தண்டனை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்கள் எலும்பு இல்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. "பாத்தீங்களா?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நாய் போய்விட்டது, என் சந்தேகம் போகவில்லை. அதற்கு எங்கேயாவது போய் உட்கார வேண்டுமே. கணவர்மேல் உட்கார்ந்தது. ஞாயிறு மதியம் திரும்பி வரும்போது அவர் சட்டையில் அதுவரை நான் கவனிக்காத ஒரு வாசனை வந்தது. கிராம்பா, ஏலமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாசனை. வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். வெற்றிலை போடும் பழக்கமே இல்லாதவர் வாய் சிவந்து வந்தார். மதியச் சோற்றைப் பேருக்குக் கொறித்தார். ஷட்டரில் கிராம்பு ஏது? வெற்றிலை மடித்துக் கொடுக்க அங்கே யார் உட்கார்ந்திருக்கிறாள்? கால்வாய்க்கரையில் உள்ள வீடுகளையெல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி, எந்த வீட்டுப் பெண்பிள்ளை என்று ஆராய்ந்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதே நினைப்பு அங்கே ஓடியது. இந்த மனுஷரை விட்டால் எனக்கு யாருமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அழுகையாக வந்தது.

நான்காவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மேலப்பாளையத்திலிருந்து என் கணவருடைய பள்ளிக்கூடத்து நண்பரின் மனைவி வந்தார். நண்பர் தறி வைத்து நெசவு நடத்துகிறவர். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போக்குவரத்து உண்டு. பெருநாளுக்கு எங்களுக்கென்று பழமும் சீனியும் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். இப்போது மகளுக்கு நிக்காஹ், பத்திரிகை வைக்க வந்திருந்தார்.

"உங்க ஆளுவளுக்குத் தனிப் பந்தி டீச்சர். சைவச் சமையலுக்கு டவுன்ல இருந்து ஐயரைப் பேசியிருக்கு. பாத்திரமெல்லாம் அவரே கொண்டாந்துருவாரு. ஒரு சங்கடமும் வேண்டாம்" என்றார். காப்பியைக் குடித்துக்கொண்டே புறவாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "நாய எங்க டீச்சர்? மூணு ஞாயிறா அண்ணன் தனியாத்தான் வாராக."

நான் தம்ளரை இறக்கி வைத்தேன். "ஞாயித்துக்கிழமை அங்கயா வாராக?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

அவருக்குச் சூது தெரியவில்லை. "எப்பவும் வாரதுதான. நல்ல நாய் டீச்சர் அது. நாய் வாய் வெக்கிறது எங்களுக்கு நஜீஸு, பட்ட ஏனத்தை ஏழு தடவை கழுவணும். அதுக்கு அது தெரியும் போல. வாசப்படிகிட்டயே வராது. எதிர்ச் செவத்தோரம் உக்காந்து அண்ணனையே பாத்துக்கிட்டு இருக்கும். வந்த உசிரைப் பசியோட அனுப்பக் கூடாதுல்லா, அதனால இப்பக் கொஞ்ச நாளா அண்ணன் தட்டுல மிஞ்சுன எலும்பை ஒரு இலையில வெச்சுத் தள்ளிவிடுவேன். திங்கவே திங்காது டீச்சர். மோந்து பாத்துட்டு ஒண்ணை மட்டும் கவ்விக்கிட்டு வண்டிக்குப் பின்னால ஓடிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பத்திரிகைப் பையை மடியில் இழுத்துக்கொண்டார். "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "சரியாத்தான் சொன்னீங்க."

அவர் போனதும் புறவாசலில் போய் நின்றேன். வழுவழுவென்று இருந்த எலும்பு கண்முன் வந்தது. நாய் தின்ற எலும்பில் பல் பதிந்திருக்கும், முனை நொறுங்கியிருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த எலும்புகளில் ஒரு கீறலும் இல்லை. நாய் தின்றதல்ல அது, மனிதவாய் உறிஞ்சியது. இட்லியும் சோறும் தவிர வேறெதுவும் பழகாத நாய்க்கு எலும்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. எஜமான் தட்டிலிருந்து வந்ததாயிற்றே என்று பத்திரமாக வீட்டுக்குத் தூக்கி வந்து வைத்திருக்கிறது. எத்தனை வருஷமாக விலங்கியல் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்? என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுமுன் கேட்டேன். "எத்தனை வருஷமா அத்தான்?"

எதை என்று அவர் கேட்கவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார். "பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே. அவன் வீட்டுக் கறி ஆணம்னா எனக்கு உசிரு" என்றார். பைய, "அப்பாவும் அங்கன சாப்பிட்டிருக்காக" என்றார்.

அமாவாசைக் காக்காய் நினைவு வந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டால் கோபம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தின்னது தப்புன்னு சொல்லல. மறைச்சதையும் கேக்கல. தெரிஞ்சா நான் பேயாட்டம் ஆடுவேன்னு பயந்திருப்பீங்க, ஆடித்தான் இருப்பேன். நாய ஏன் கொண்டு விட்டீங்க?"

"நீதான சொன்ன."

"நான் தெரியாம சொன்னேன். நீங்க தெரிஞ்சு கொண்டு விட்டீங்க."

அவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். சட்டை வாசனைக்குக் காரணம் வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம் வந்தது. அந்த நிம்மதிக்காக எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அலுமினியத் தட்டு முருங்கைமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை. தூக்குச்சட்டியில் தயிர்சோற்றோடு அவர் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏரலில் பாலத்தைத் தாண்டியதும் வாழைத்தார் ஏற்றுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். "இங்கனதான்" என்றார். எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் செம்மண் நிறம், ஒரு கால் வெள்ளை என்று அடையாளம் சொன்னேன்.

"அதுவா? இங்கனதான் சுத்தும்" என்றார் அவர். "முதல்ல பாலத்துக்கும் இதுக்குமா ஓடுச்சு. வார ஸ்கூட்டரு ஒவ்வொண்ணையும் ஓடிப்போய் மோந்து பாக்கும். ஒரு வாரம், பத்து நாளு. அப்புறம் விட்டுருச்சு."

அவர் கையைக் காட்டிய இடத்தில் வாழைச்சருகுக் குவியலுக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. விலா தெரிந்தது. காது ஒன்று கிழிந்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டது. வால் ஒருதரம் ஆடியது, என் கண்ணால் பார்த்தேன். உடனே அதன் பார்வை ஸ்கூட்டருக்குப் போயிற்று. வால் நின்றுவிட்டது.

என் கணவர் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நாலடி முன்னால் போனார். அது நாலடி பின்னால் போயிற்று. அவர் நின்றார், அது நின்றது. அவர் உட்கார்ந்து பலகையைத் தட்டுவது மாதிரி தரையைத் தட்டி, "வா, ஏறு" என்றார். கேட்டதும் அது இன்னும் பத்தடி தள்ளிப் போய்விட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"வண்டிய எடுத்துக்கிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போங்க. நான் கூப்பிடுத வரைக்கும் வராதீங்க" என்றேன்.

அவர் போன பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்தேன். வைத்துவிட்டுப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. எனக்குத்தான் தெரியுமே. கூப்பிட்டுச் சிரிப்பவர்களை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன்? வகுப்பில் வாய் கிழியச் சொன்ன பாடத்தை ஏரல் ஆற்றங்கரையில் முந்தானையை விரித்து உட்கார்ந்து நானே படித்தேன். அது ஓரடி வந்தது. என் கையைப் பார்த்தது. நின்றது. டீக்கடையில் ஆட்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். இன்னும் ஓரடி. வெயில் ஏறி, தயிர் புளித்த வாசனை வந்துவிட்டது. மத்தியானம் தாண்டித்தான் இலைக்கு வந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது, அடுத்த வாய் தின்றுவிட்டு மறுபடி பார்த்தது. நான் கை நீட்டவில்லை. தின்று முடித்த பிறகு அது வந்து என் புடவைத் தலைப்பை மோந்தது. "மன்னிச்சிரு" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஸ்கூட்டர் பக்கம் அது வரவே வராது என்று தெரிந்துவிட்டது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று நின்றது. டிரைவரிடம் கெஞ்சினேன். "அம்மா, நீங்க முன்னால உக்காருங்க, நாய் பின்னால வரட்டும்" என்றார். நான் தார்களுக்கு நடுவே பின்னாலேயே ஏறிக்கொண்டேன். நான் ஏறியதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் கீழே நின்றது. வேன் உறுமிய பிறகுதான் தாவி ஏறியது. பாலம் தாண்டியதும் என் கணவர் ஸ்கூட்டரில் வேனுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். அத்தனை தூரமும் பின்னாலேயே வந்தார். நாய் தார்களுக்கு நடுவிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே வந்தது.

நிக்காஹுக்குப் போனோம். ஐயர் சமைத்த பந்தியில் என் பக்கத்தில் உட்காரப் போனவரை, "அங்கன போய் உக்காருங்க, எனக்கே தெரிஞ்சு போச்சு, இனி என்ன" என்று கறிப் பந்திக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவர், "மேலப்பாளையம் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டே கிளம்பினார். சொல்லும்போது நாயைப் பார்ப்பார். அது முருங்கைமரத்தடியிலிருந்து எழுந்து வாசல்வரை வரும். வண்டி கிளம்பியதும் உட்கார்ந்துவிடும். ஒருநாள்கூடப் பின்னால் ஓடவில்லை. புறவாசலில் அதற்குப்பின் எலும்பு கிடந்ததும் இல்லை.

நான் அதற்குப் பெயர் வைத்தேன், பட்டாசல் கூடம்வரை உள்ளே விட்டேன். அந்த நூற்றாண்டு முடிகிறவரை எங்களோடு இருந்தது. ஆனால் தட்டை வைத்ததும் முன்போல அது தலையைக் கவிழ்ப்பதில்லை. முதலில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும். அப்புறம் கையைப் பார்க்கும். நான் ரெண்டடி பின்னால் போன பிறகுதான் சோற்றில் வாய் வைக்கும். காலையில் நான் பாலைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு அந்தப் பார்வையைத் தெரியாதா? ஆயிரமாயிரம் வருஷமாக அதன் வம்சம் நம்மை நம்பி நடந்து வந்த தூரத்தில் ரெண்டடியை நாங்கள் திருப்பி அனுப்பிவிட்டோம். அந்த ரெண்டடி, அது சாகிறவரை குறையவில்லை.